விண்டோஸ் 10 காலம் முடிந்தது: பழைய கணினியை வீசுவதற்கு முன் என்ன செய்யலாம்?

வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பாவிடம், படிவம் 4 படிக்கும் மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுகிறாள். திரை முழுவதும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. "அப்பா, இந்த விண்டோஸ் 10-க்கு இனிமேல் பாதுகாப்பு வராதாம். புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லுது." அப்பா பதில் சொல்லாமல் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, அடுத்த ஆண்டு எஸ்பிஎம் டியூஷன் கட்டணம். இந்த வரிசையில் புதுக் கணினியை எங்கே நுழைப்பது?

தோட்டப்புற வீடுகளிலும் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளிலும் பல குடும்பங்களுக்கு வந்திருக்கும் கவலை இது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சுமாரான புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய்விடும். ஆனால், அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சில கணினிகளை ஒரு காசும் செலவில்லாமல் விண்டோஸ் 11-க்கு மாற்றலாம். மாற்ற முடியாதவற்றுக்கும் சட்டப்படியான, மலிவான வழிகள் உள்ளன.

எந்தக் கணினிக்கு எந்த வழி என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

என்னதான் நடந்தது?

விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் அதே நாளில் முடிவுக்கு வந்தது.

இதனால் கணினி நின்றுவிடாது. நேற்று எப்படித் திறந்ததோ அப்படியே நாளையும் திறக்கும். கோப்புகளும் படங்களும் பத்திரமாக இருக்கும். இனி என்ன வராது என்பதுதான் பிரச்சினை.

தோட்டத்து வீட்டின் பின்னால் மரவள்ளி நட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வேலியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் காட்டுப்பன்றி கண்டுபிடித்துவிடும். மாதந்தோறும் ஒருவர் வந்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் வருவதில்லை. முதல் வாரம் ஒன்றும் நடக்காது. ஓட்டைகள் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இதற்கு உண்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற நச்சுநிரல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளும் முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளும் ஆதரவு முடிந்த பழைய கணினிகளுமே மாட்டிக்கொண்டன. இணைய வங்கிச் சேவை, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளிக் கணக்கு எல்லாம் ஒரே கணினியில் இருக்கும் வீடுகள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஏன் இத்தனை வீடுகளில் இந்தச் சிக்கல்?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றலுக்காகப் பெற்றோர் பலர் அவசரம் அவசரமாகக் கணினி தேடினர். புதியது வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கிடைத்தவை, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகள். நல்ல உழைப்பாளிக் கணினிகள்தாம். ஆனால், அவற்றில் பல 2012-க்கும் 2017-க்கும் இடையில் தயாரானவை.

விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக் கோடு சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. அதற்கு வேண்டியவை: 64-பிட் செயலி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புப் பகுதி. இவற்றோடு, செயலி மைக்ரோசாப்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

உங்கள் கணினி எந்தத் தலைமுறை?

இதைப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து 'சிஸ்டம்', அதனுள் 'அபௌட்' என்று போனால், 'புராசசர்' என்ற வரியில் செயலியின் பெயர் இருக்கும்.

இன்டெல் கோர் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை அடுத்து ஒரு சிறு கோடும் எண்ணும் வரும். அந்த எண் 6200 என்றால் ஆறாம் தலைமுறை. 7200 என்றால் ஏழு. 8250 என்றால் எட்டு. எண் 1 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 10210 பத்தாம் தலைமுறை. 1135 பதினோராம் தலைமுறை.

அதே பக்கத்தில் 'இன்ஸ்டால்டு ரேம்' என்ற வரியில் நினைவகத்தின் அளவும் தெரியும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் பேசும்போது அந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். கணினி தகுதி பெறுகிறதா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் என்பதை அது வரிவரியாகக் காட்டும்.

எதற்கும் முன்னால் ஒரு வேலை

இயங்குதளத்தில் கை வைப்பதற்கு முன், கணினியில் உள்ளவற்றை வெளியே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். வெளிவட்டு, பென் டிரைவ், கூகுள் டிரைவ் என எதிலும் எடுக்கலாம். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் படங்களை எந்தக் கடையாலும் திரும்ப உருவாக்கித் தர முடியாது.

தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோட் பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோயில் செயற்குழு அறிக்கைகள், சங்க உறுப்பினர் பட்டியல்கள், திருமண அழைப்பிதழ்கள் முதலியவை பழைய எழுத்துருக்களில் இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும். பழைய கணினியை அழிப்பதற்கு முன் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். அல்லது எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். முக்கியமான பக்கங்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால், எழுத்துரு போனாலும் படிக்க ஒன்று மிஞ்சும்.

முதல் வழி: தகுதி உள்ள கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம்

அசல் விண்டோஸ் 10 உள்ள, தகுதி பெற்ற கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றக் கட்டணம் கிடையாது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' என்ற இடத்திலேயே அதற்கான பொத்தான் வரும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பவும் வசதி உண்டு.

பலர் ஏமாறும் இடம் இதுதான். "விண்டோஸ் 11 லைசன்ஸ் தனி காசு" என்று யாராவது சொன்னால், அது இந்தக் கணினிகளுக்குப் பொருந்தாது. உரிமம் கணினியோடு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கடையில் கொடுத்துச் செய்தால் உழைப்புக்கூலி மட்டுமே கேட்க வேண்டும்.

செயலி எட்டாம் தலைமுறையாக இருந்தும் "தகுதி இல்லை" என்று வந்தால், உடனே புதுக் கணினி பார்க்கப் போக வேண்டாம். டிபிஎம் வசதி கணினிக்குள் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பயாஸ் பக்கம் திறக்கும். விசை தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும். அங்கே இன்டெல் கணினியில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி கணினியில் 'எஃப்டிபிஎம்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் செக்யூர் பூட்டையும் முடுக்கிவிட்டால் பல கணினிகள் தகுதி பெற்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. சில மடிக்கணினிகளில் வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் மாற்றம் செய்ததும் அது மீட்புத் திறவுகோல் எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 'லெகசி' முறையில் நிறுவப்பட்ட கணினி என்றால் வட்டின் அமைப்பையே மாற்ற வேண்டி வரும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

இரண்டாம் வழி: ஓர் ஆண்டு அவகாசம்

ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாப்ட் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்திருக்கிறது. 'இஎஸ்யு' எனப்படும் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்கே பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். புதிய வசதிகள் எதுவும் வராது. வேலியின் ஓட்டைகள் மட்டும் தொடர்ந்து அடைபடும்.

இதற்கு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்துச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தாலும் போதும். இரண்டும் வேண்டாம் என்றால் 30 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம் செலுத்தலாம். ஒரே கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்க முடியும்.

பதிவு செய்வது கடினமல்ல. கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தைத் திறந்தால் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு இருக்கும். இலவச வழியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. படங்களும் ஆவணங்களும் உள்ள பெரிய கோப்புறைகளையும் சேர்த்து இணைத்துவிட்டால் அது விரைவில் நிரம்பி, கூடுதல் இடத்துக்குப் பணம் கேட்கும். அமைப்புகளை மட்டும் இணைத்தால் போதுமானது.

அடுத்த ஆண்டு எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த அவகாசம் பெரிய நிம்மதி. தவணைக் கடனில் அவசரமாக விழாமல், சிறுகச் சிறுகச் சேர்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது.

மூன்றாம் வழி: வட்டை மாற்றி, லினக்ஸ் போடுதல்

"கணினி ரொம்ப ஸ்லோ" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான நோய் ஒன்றுதான்: சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டை மாட்டினால், திறக்க ஐந்து நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் எழுந்து நிற்கும். 240 அல்லது 256 ஜிபி வட்டு ஒரு சாதாரண வீட்டுக்குப் போதும். பல மடிக்கணினிகளில் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினாலே வட்டை மாற்றிவிடலாம்.

நினைவகம் 4 ஜிபி என்றால் 8 ஜிபியாகக் கூட்டுவது அடுத்த நல்ல செலவு. ஆனால், வாங்குவதற்கு முன் வகையைப் பார்க்க வேண்டும். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. மின்கலம் உப்பியிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அது தீப்பிடிக்கக் கூடியது.

வட்டு மாற்றிய கணினிக்கு விண்டோஸ் 11 தகுதி இல்லையென்றால், லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. முழுக்க முழுக்க இலவசம், சட்டப்படியானது. 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. திரையின் கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று தோற்றமும் விண்டோஸை ஒத்தே இருக்கும். வலுக்குறைந்த கணினிக்கு 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு பொருத்தம்.

இதில் ஒரு நல்ல வசதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள கோப்பை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் 'ரூஃபஸ்' அல்லது 'எட்சர்' மென்பொருள் வழியாக எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்கினால் மின்ட் திரை வரும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று சோதித்துவிட்டுப் பிடித்தால் நிறுவலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதுமா? கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகுள் கிளாஸ்ரூம், கூகுள் மீட், யூடியூப் எல்லாம் உலாவி வழியாக ஓடுபவை. வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளமும் அப்படித்தான். கட்டுரை எழுதவும் கணக்குத்தாள் போடவும் லிப்ரே ஆபிஸ் மின்ட்டிலேயே இருக்கிறது. வேர்டு கோப்புகளை அது திறக்கும். பத்தி அமைப்பு மட்டும் சில வேளைகளில் சற்று நகரும்.

எது ஓடாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் ஆபிஸின் கணினிப் பதிப்பு, போட்டோஷாப், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்கள் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடா. சிறு வணிகம் நடத்துபவரும், குறிப்பிட்ட மென்பொருளைக் கட்டாயமாகப் பயன்படுத்தும் கல்லூரி மாணவரும் இதைத் தீர விசாரித்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு என்னவாகும்?

இந்தக் கேள்வி மலேசியத் தமிழர்களுக்குக் கூடுதல் உரிமையோடு எழும். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கி, தமிழை 1980-களிலேயே கணினிக்குள் கொண்டுவந்த முத்து நெடுமாறன் இந்த மண்ணைச் சேர்ந்தவர். 'அம்மா' என்று வருவதற்கு ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையில் பழகிய விரல்கள் இங்கே ஏராளம்.

விண்டோஸ் 11-இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைமுகங்களும் உள்ளேயே கிடைக்கின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட்டில் 'ஐபஸ்' என்ற உள்ளீட்டு முறையையும் அதனோடு 'எம்17என்' தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99 முறையும் ஒலிப்படி தட்டும் முறையும் வந்துவிடும். ஒலிப்படி முறையில் சில எழுத்துகளுக்கான விசை, அஞ்சல் முறையிலிருந்து சற்று மாறலாம். ஓரிரு நாளில் கை பழகிவிடும்.

நான்காம் வழி: உலாவி மட்டும் போதும் என்பவர்களுக்கு

யூடியூபில் பக்திப் பாடல் கேட்பது, செய்தி படிப்பது, வெளியூர் பேரப்பிள்ளைகளோடு காணொலியில் பேசுவது ஆகியவை மட்டும்தான் வேலை என்றால், கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இன்னும் எளிது. இதுவும் இலவசம். 4 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பிடம் உள்ள இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி போதும். இதையும் பென் டிரைவில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். புதுப்பிப்புகள் தாமாகவே வரும். கைப்பேசியில் உள்ள பிளே ஸ்டோர் செயலிகள் மட்டும் இதில் ஓடா.

தவிர்க்க வேண்டிய மூன்று

ஒன்று, தகுதிச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவது. சில கடைகளில் இதைச் செய்கிறார்கள். கணினி ஓடும். ஆனால், அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி கூறுவதில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம், அந்தப் பாதுகாப்புக்கே உறுதி இல்லையென்றால் மாறியும் பயனில்லை. மிகப் பழைய கோர் 2 டியோ காலத்துக் கணினிகளில், 24எச்2 முதலான பதிப்புகள் எந்தத் தந்திரத்திலும் ஓடா.

இரண்டு, இணையச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு விற்கும் விண்டோஸ் 'கீ'. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் அதிகாரப்பூர்வ விலை அமெரிக்காவில் 139 டாலர். அதே பொருள் ஒரு தட்டு நாசி லெமாக் விலைக்குக் கிடைக்கிறது என்றால், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இன்று வேலை செய்யும் எண் நாளை முடக்கப்படலாம். 'ஆக்டிவேட்டர்' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகள் இதைவிட மோசம். அவற்றை ஓட்ட நச்சுநிரல் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். திருடனுக்காகக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது அது.

மூன்று, போலி அழைப்பு. "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியிலோ, திரையில் திடீரென்று தோன்றும் எண்ணிலோ யாராவது வந்தால் துண்டித்துவிட வேண்டும். மைக்ரோசாப்ட் தானாக யாரையும் அழைப்பதில்லை. கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், சிறிதும் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு யோசிக்கும் நேரத்தில் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

கடைக்குப் போகும்போது

லோ யாட் பிளாசாவாக இருந்தாலும் பட்டணத்துச் சிறு கடையாக இருந்தாலும், கணினியைக் கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

வட்டின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல முடியுமா? போடப்போவது எந்த இயங்குதளம், உரிமம் எங்கிருந்து வருகிறது? என் கோப்புகளை மாற்றித் தருவீர்களா, அதற்குத் தனிக் காசா? கழற்றிய பழைய வட்டை என்னிடமே தருவீர்களா? வட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், ரசீது உண்டா?

நான்காம் கேள்வி முக்கியமானது. பழைய வட்டில் அடையாள அட்டைப் படம், சம்பளச் சீட்டு, வங்கி விவரம் எல்லாம் இருக்கும். அதைக் கடையில் விட்டுவரக் கூடாது. சிறிய உறை ஒன்று வாங்கி மாட்டினால் அதையே வெளிவட்டாகப் பயன்படுத்தலாம்.

முன்கூட்டிக் கட்டும் கைப்பேசித் தரவில் 3 ஜிபி கோப்பை இறக்குவது சிலருக்குச் சுமையாக இருக்கும். முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையங்களில் கணினியும் இணையமும் உண்டு. பென் டிரைவோடு போய் அங்குள்ள பணியாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களிலும் கோயில் இளைஞர் பிரிவுகளிலும் கணினி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், ஒரு தாமானின் பழைய கணினிகள் பலவற்றைப் பார்த்துவிடலாம்.

சுருக்கமாக

இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது: விண்டோஸ் 11, இலவசம். தகுதி இல்லை என்று வந்தால் டிபிஎம் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

ஆறாம், ஏழாம் தலைமுறை: இப்போதைக்கு இஎஸ்யு பதிவு. 2026 அக்டோபர் 13-க்குள் லினக்ஸா, வேறு கணினியா என்று முடிவு செய்யலாம்.

அதற்கும் முந்தியவை: எஸ்எஸ்டி மாற்றி, லினக்ஸ் மின்ட் அல்லது குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ்.

நினைவகம் 2 ஜிபிக்கும் குறைவு, கூட்டவும் முடியாது, மின்கலமும் போய்விட்டது: இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தைச் சேர்த்து, எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, சோதிக்கப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றைப் பார்க்கலாம். மறுபடியும் ஏழாம் தலைமுறையை வாங்கிவிட்டு இதே இடத்தில் வந்து நிற்கக் கூடாது. "விண்டோஸ் 11 இருக்கிறது" என்ற விற்பவரின் வார்த்தை போதாது. 'அபௌட்' பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிச் செயலி எண்ணை நேரில் பார்க்க வேண்டும்.

எந்த வழியையும் இன்னும் எடுக்காதவர்கள், எடுக்கும் வரைக்கும் விண்டோஸ் 10 கணினியில் வங்கி வேலைகளைச் செய்யாமல், புதுப்பிப்பு வரும் கைப்பேசியில் செய்துகொள்வது பாதுகாப்பு.

மகளின் மடிக்கணினியைக் கையில் வாங்கிய அப்பா முதலில் செய்ய வேண்டியது, 'அபௌட்' பக்கத்தைத் திறந்து அந்த நான்கு இலக்க எண்ணைப் படிப்பதுதான். கடன் வாங்க வேண்டுமா, ஒரு வட்டு மட்டும் வாங்க வேண்டுமா, ஒன்றுமே வாங்க வேண்டாமா என்பது அதைப் பார்த்த பிறகு தெரிந்துவிடும்.